நான்கு அடி வேலி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. எங்கள் லேன்காரர்களின் பொதுத் தோட்ட வாசலில் பி.எச்.ஐ. வந்து நின்றார். கையில் டார்ச், தண்ணீரை அள்ளிப் பார்க்க ஒரு வெள்ளை அகப்பை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சும்மா வருவாரா? எதிர்வீட்டு ரஞ்சனி அக்காவின் மகள் மூன்று நாட்களாக டெங்குக் காய்ச்சலோடு மாத்தளை ஆஸ்பத்திரியில்.

"நுளம்புப் புழு இருந்தா தோட்டம் முழுக்க வெட்டித் துப்புரவாக்கணும்" என்றார்.

குப்பைக் காணியாகக் கிடந்த இடம் அது. பதினொரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கீரையும் மிளகாயும் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆனால் நான் பயப்படவில்லை. என்னிடம்தான் பட்டியல் இருக்கிறதே! கட்டட வேலைகளில் டெக்னிக்கல் ஆபிசராக இருப்பவள் — பட்டியல் இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டேன். பூச்சட்டித் தட்டு, மழைநீர்ப் பீப்பாய், சிரட்டை, டயர்... ஒவ்வொரு ஞாயிறும் பார்த்து டிக் போட்டவை. அவர் எல்லாவற்றையும் பார்த்தார். எதிலும் ஒன்றுமில்லை.

பிறகு வேலிப் பக்கம் போனார். ஒரு மூங்கில் தூணின் வாய்க்குள் டார்ச் அடித்தார்.

"மிஸ், கொஞ்சம் இங்க வாங்க."

உள்ளே ஒரு டம்ளர் மழைத்தண்ணீர். அதில் புழுக்கள் நெளிந்தன. அடுத்த தூணிலும். அதற்கடுத்ததிலும்.

அந்த வேலி என் டிசைன். எல்லாத் தூணும் சரியாக நான்கு அடி. பக்கத்து வீட்டு முருகையா அண்ணன் இரத்தோட்டையில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போகிறவர். தூண் வெட்டிய அன்றே அவர் சொன்னார்: "கணுவ ஒட்டி வெட்டிருவோம் தங்கச்சி. இல்லாட்டி உள்ளுக்குத் தண்ணி நிக்கும்."

நான் டேப்பை நீட்டினேன். "கோடு போட்ட இடத்திலேயே வெட்டுங்க அண்ணே. ஏத்த இறக்கமா இருந்தா பார்க்க நல்லாவா இருக்கும்?"

"இத வெட்டுனது யாரு?" பி.எச்.ஐ. கேட்டார்.

"நான்தாங்க" என்று கூடிநின்றவர்களிடையே இருந்து முருகையா அண்ணன் முன்னால் வந்தார்.

மூங்கிலை அறுத்த வாள் அன்று அவர் கையில் இருந்தது உண்மைதான். எங்கள் தொழிலில் இது வழக்கமான காட்சி. சைட்டில் ஏதாவது பிழையானால் சுவர் கட்டிய மேசன் பாஸைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பிளான் போட்டவர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

"அளவு என்னோடது சார். அவர் வேணாம்னுதான் சொன்னார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

பி.எச்.ஐ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பின்னேரம் நாலு மணிக்கு வருவேன். ஒரு தூண்ல தண்ணி இருந்தாலும் தோட்டம் இல்ல."

கணுவை ஒட்டி அறுக்க நாற்பத்திரண்டு தூண்கள். இரண்டு வாள்கள். மேலே கறுத்துக்கொண்டு வரும் வானம்...

நடுவில் ரஞ்சனி அக்கா மகளுக்கு உடுப்பு எடுக்க வந்தார். சாவியைக் கையில் பிடித்தபடி வேலியருகே நின்றார்.

"இதுக்குள்ளயா இருந்துச்சு?"

தலையாட்டினேன். பிள்ளையைக் கடித்த நுளம்பு இங்கிருந்துதான் போனதா? யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. அக்கா உடுப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்கு பி.எச்.ஐ. ஒவ்வொரு தூணின் தலையையும் விரலால் தடவிப் பார்த்தார். நாற்பத்திரண்டையும். "சரி" என்றார். அவ்வளவுதான். தோட்டம் தப்பியது.

வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலையில் ரஞ்சனி அக்கா கூடையோடு தோட்டத்துக்குள் வந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோவம் இன்னும் போகல. வல்லாரை எங்க நிக்குது, அதக் காட்டு."