நொய் நீக்கிய கான்கிரீட்

கான்கிரீட்டில் கல்லெல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் பலம் என்று நம்பியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. என் சொந்தக் கண்டுபிடிப்பு. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் நொய்யைப் பிரித்துத் தள்ளுவதுதான் எனக்கு உத்தியோகம். ஊராருக்கே நொய் கலக்காதவன் சொந்த வீட்டுக்குக் கலப்பேனா?

மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று ஸ்ரீரங்கம் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினோம். கூரைத் தளம் போடுகிற அன்று முக்கால் இஞ்ச் ஜல்லியோடு அரை இஞ்ச் ஜல்லியும் வந்து இறங்கியது. சின்னதை அப்படியே திருப்பி அனுப்பினேன்.

“சார், பெரிய கல்லுக்கு நடுவுல சந்து இருக்குமுங்க. அதுல சின்னது போய் உக்காரணும்” என்றார் மேஸ்திரி.

“தரம் பாக்க எனக்கா சொல்லித் தர்றீங்க?”

மேஸ்திரி இருந்த பெரிய ஜல்லியை மட்டும் வைத்துக் கலக்க ஆரம்பித்தார். கலவை இணங்காமல் முரண்டு பிடித்தது. மணலும் சிமெண்டும் தண்ணீரும் கூடக்கூடக் கொட்டித்தான் அதை வழிக்குக் கொண்டுவந்தார்.

பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தவரை தளம் சமர்த்தாக இருந்தது. காய்ந்து சில வாரங்களில் மேலே தலைமுடி போல விரிசல்கள். தினமும் காலையில் ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, ஆலைக்குப் போய் அதே நினைப்பில் உட்கார்ந்திருப்பேன். தளத்தை இடிக்க வேண்டிவந்தால் பிள்ளைத்தாய்ச்சியை எங்கே தங்க வைப்பது? அறைக்குள் போகும்போது ஹெல்மெட் மாட்டிக்கொண்டேன். ஒரு முழுத் தளத்தை ஹெல்மெட் தாங்கிவிடும் என்பது என் இரண்டாவது கண்டுபிடிப்பு.

“வண்டி ஓட்டும்போது மாட்டச் சொன்னா தலை அரிக்குதும்பீங்க” என்றாள் மனைவி.

கடைசியில் திருச்சியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியரை அழைத்து வந்தோம். சுத்தியல் போன்ற ஒரு கருவியால் தளத்தை அங்கங்கே அழுத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

“கல்லு சுருங்காதுங்க சார். காயக் காயச் சுருங்குறது சிமெண்ட் பசைதான். சின்ன ஜல்லி இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் நீங்க பசையால ரொப்பியிருக்கீங்க.”

“இடிக்கணுமாம்மா?”

“தண்ணி ஏத்தினப்ப மேஸ்திரி சிமெண்டையும் ஏத்தியிருக்கார். அதனால பலம் குறையல, தப்பிச்சீங்க. முதல்ல அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க.”

பலம் போதுமான அளவு இருந்தது. விரிசல்களை அடைத்து, மேலே ஓடு பதித்தார்கள். மறுமாதம் மகள் வந்து அந்த அறையில் தங்கினாள்.