குறுக்கே அறுத்த கல்

எங்கள் ஆய்வகத்தில் அவளைச் சில்லு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பாறையை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்த்துச் சில்லாக்குவது அவள் வேலை. ஒரு தேய் கூடினால் சில்லு கோவிந்தா. இருபது வருடம் தேய்த்ததில் விரல் ரேகையும் போய்விட்டது. வருகைப் பதிவு எந்திரம் தினமும் அவளோடு மல்லுக்கட்டும்.

படிப்பு பத்தாவதுதான். ஆனால் ஆம்பிபோல் என்ற கனிமத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"ஆழத்துல உருகின பாறை ஆறும்போது தண்ணியும் சேர்ந்து மாட்டிக்கிட்டா இது பொறக்கும். சுண்ணாம்புப் பாறை சூட்டுல வெந்தாலும் சில வகை வரும்" என்பாள்.

குறுக்கே அறுத்தால் அதன் விரிசல்கள் சாய்ந்த கட்டங்களாகத் தெரியும். நெடுக்கே அறுத்தால் ஊசி ஊசியாக நீளும். சில வகை நாராகவே பிரியும்; குறுக்கே அறுத்தால் அது கண்ணில் படாது. அந்த நார் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலை விட்டு வராது. அதனால் எந்தக் கல்லிலும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என இரண்டு சில்லு எடுப்பது அவள் வழக்கம்.

அந்தச் சில்லுகளைப் பார்த்து அறிக்கை எழுதுபவர் எங்கள் அதிகாரி. மதியம் அக்காவின் டப்பாவில்தான் கை வைப்பார். "எனக்கு இவர் ரெண்டாவது தம்பி" என்று அக்கா பூரித்துப்போவாள்.

முதல் தம்பி, கூடப் பிறந்தவன், மாக்கல் அரைக்கும் ஆலையில் மூட்டை பிடிப்பவன். தூசிக்குப் பயந்து அங்கே எல்லோரும் மாஸ்க் போட்டு வேலை பார்த்தார்கள். நார் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஆலைக்காரர்கள் கல்லை எங்களிடமே அனுப்பினார்கள்.

"அக்கா, குறுக்கே ஒண்ணு போதும். அவசரம்" என்றார் அதிகாரி. அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு ஏது? அறுத்துக் கொடுத்தாள். 'நார் எதுவும் காணப்படவில்லை' என்ற அறிக்கையை, ஒரு மண்ணும் புரியாமல், தட்டச்சு செய்தவள் நான்தான்.

மூன்று மாதம் கழித்து, மாணவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்று மிச்சக் கல்லை எடுத்து நெடுக்கே அறுத்தாள். நுண்ணோக்கியில் கண் வைத்தவள் நெடுநேரம் தலை தூக்கவில்லை. கண்ணாடி முழுக்க நார்க்கட்டு.

சில்லோடு நேராக அவர் மேஜைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"தெரிஞ்சுதான் குறுக்கே அறுக்கச் சொன்னீங்களா, சார்?"

அவர் சில்லைத் தொடவே இல்லை. "குறுக்கே பார்த்ததுல காணலைன்னுதானே எழுதினேன். அதுல என்னக்கா பொய்? அறுத்ததும் நீங்கதானே."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்த ஆளை அறைந்திருக்க வேண்டும். அக்கா அழக்கூட இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

அவன் அப்போதுதான் ஆலையிலிருந்து வந்திருந்தான். இமையெல்லாம் வெள்ளைப் பொடி.

"டேய், மாஸ்க் எங்கடா?"

"அத அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சுக்கா" என்று சிரித்தான். "ஒருத்தனும் அந்த அறிக்கைய நம்பல. எங்கக்கா கையால அறுத்த கல்லுடா, அவ ஏமாத்துவாளான்னு நான்தான் சண்டை போட்டேன். அப்புறம்தான் எல்லாரும் கழட்டினாங்க."