பீலிக்கு மேலே பாதிக் காடு

ஊர் நிருபர் தொழிலில் நடந்த விபத்தை எழுதுவது சுலபம். நடக்கப்போகிற விபத்தை எழுதுவதுதான் முதுகை ஒடிக்கும். பொதுக் காரியம் ஒன்றுக்காகக் கையெழுத்து வாங்கி, அரசாங்கக் கச்சேரிப் படியேறி, "நாளைக்கு வாங்க" என்ற சொல்லோடு மழையில் நனைந்து திரும்பியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து புலம்ப ஓர் ஆள் கிடைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் ஹட்டனில் இருந்துகொண்டு கொழும்புத் தமிழ்த் தினசரி ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கொட்டகலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். அதில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், அதாவது லயங்கள், இரண்டு. மேட்டு லயம் என்று ஒன்று, அதற்குக் கீழே பணிய லயம் என்று ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பீலி. மலை ஊற்றிலிருந்து தகரக் குழாய் வழியாக விழும் தண்ணீர்; குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் அதுதான். ஊற்றுக்கு மேலே ஒரு சிறு காடு. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் அடுப்பெரிக்க அந்தக் காட்டில் பாதியை வெட்டினார்கள். அடுத்த மழைக்குப் பீலியில் சேறு வந்தது. அதற்கடுத்த வெயிலுக்குத் தண்ணீர் விரல் பருமனுக்கு ஒடுங்கியது. மீதிப் பாதியிலும் மரத்துக்கு மரம் சுண்ணாம்புக் குறி போட்டாயிற்று. அதைத் தடுக்கத்தான் இந்த ஓட்டமெல்லாம்.

ஆறாம் பக்கம்

கொட்டகலைக் கடைவீதியில் காதர் நானாவின் மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும் தோட்டத்துச் சனம் எனக்குச் செய்தி சொல்லும் இடம் அதுதான். மேட்டு லயத்துக் கொழுந்துக்காரி செல்லம்மாவை முதலில் பார்த்ததும் அங்கேதான். அவள் வாயைத் திறந்தால் நானா தராசைக் கீழே வைத்துவிடுவார். ஒரு போத்தலில் பீலித் தண்ணீரைப் பிடித்து வந்து என் முன்னால் வைத்தாள். அடியில் செம்மண் இரண்டு விரல்கடை தங்கியிருந்தது. "சின்னவளை ரெண்டு தரம் வயித்தோட்டத்துல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். இனி ஓட என் கால்ல தெம்பில்ல. மிச்சக் காட்டையும் வெட்டினா ஊத்தே செத்துப்போகும். எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். தபாற்கந்தோரிலிருந்து கொழும்புக்கு டிரங்கால் போட்டுச் செய்தி ஆசிரியருக்கும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், "யாரும் செத்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். அப்படியானால் ஆறாம் பக்கத்தில் இடமிருந்தால் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அதைச் செல்லம்மாவிடம் சொல்லும் வேலையைக் காதர் நானாவிடம் தள்ளிவிட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

"ஆறாம் பக்கமோ அறுபதாம் பக்கமோ, நாங்க சாகுறதுக்கு முந்திப் போடச் சொல்லுங்க."

வோட்டும் தாகமும்

செய்தி வந்தது, ஆறாம் பக்கத்தில், ஒரு தைல விளம்பரத்துக்குக் கீழே. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தொகுதியின் பெரிய மனிதர் ஒருவரைப் பார்க்கப் போனோம். நான், செல்லம்மா, இன்னும் சில பெண்கள். எல்லாரும் தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தார்கள். மனிதர் நல்லவர்தான். உட்காரச் சொன்னார், பிஸ்கட் கொடுத்தார். காடு எங்கே, ஊற்று எங்கே என்றெல்லாம் விசாரித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "உங்க லயத்துல எத்தனை வோட்டு இருக்கும்?" என்று கேட்டார்.

தோட்டத்துச் சனத்தின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு அந்த இரண்டு லயத்திலும் வோட்டு என்று ஒன்றுகூடக் கிடையாது. அதை நான் சொன்னதும் அவர் முகத்தில் கோபமோ ஏளனமோ இல்லை. வெறும் நிம்மதிதான் தெரிந்தது. தன்னால் ஆனதைப் பார்ப்பதாகச் சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு செல்லம்மா சொன்னாள்:

"வோட்டு இல்லாதவளுக்குத் தண்ணித் தாகமும் எடுக்காதுன்னு நெனச்சிட்டாரு போல."

கடைசிக் குடம்

இனிக் கச்சேரிக்கு மனு என்று முடிவாயிற்று. மேட்டு லயத்தில் கையெழுத்தும் கைநாட்டும் ஒரே நாளில் விழுந்தன. பணிய லயத்தில் ஒன்றுகூட இல்லை. விசாரித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பீலியில் மேட்டு லயத்துக் குடங்கள் நிறைந்த பிறகுதான் பணிய லயத்துக் குடம் வைக்கலாம். சாதிக் கணக்கு. கப்பலேறி வந்த காலத்திலிருந்து அப்படியே நடந்துவருகிறதாம். தண்ணீர் தாராளமாக விழுந்தவரை அது யாருக்கும் செய்தியாகத் தெரியவில்லை, எனக்கும்தான்.

காதர் நானா கடைக்குப் பணிய லயத்திலிருந்து மருதாயி வந்தாள். அவளும் கொழுந்துக்காரிதான், செல்லம்மா வயசுதான் இருக்கும். மனுவை நீட்டினேன். வாங்கவில்லை. செல்லம்மா பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டாள்: "ஏன்டி செல்லம்மா, போன பங்குனியில என் குடத்தைக் காலால தள்ளினது உங்க வீட்டு ஆளுதானே? இப்ப அதே தண்ணிக்கு நான் வந்து கை வைக்கணுமா?" கடையில் இருந்த எல்லாரும் பருப்பு மூட்டையைப் பார்த்தோம்.

செல்லம்மா சாமான் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் விடிகாலை அவள் பீலிக்குப் போய், மருதாயி குடத்துக்குப் பின்னால் தன் குடத்தை வைத்திருக்கிறாள். கொழுந்தன் வந்து கத்தினான். மாமியார், அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறக்கூடாது என்றாள். செல்லம்மா குடத்தை எடுக்கவில்லை. இனி வந்தவர் வரிசைதான் பீலி வரிசை என்றாள். மேட்டு லயத்தில் சில குடும்பங்கள் ரோசத்தோடு ஆற்றுக்குப் போயின. ஆற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு ரோசத்தை ஓரமாக வைத்துத் திரும்பி வந்தன. அடுத்த ஞாயிறு மருதாயி, பணிய லயத்தையே பின்னால் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். மை தொட்டு விரலை அழுத்தும்போது என்னிடம் சொன்னாள்:

"பேப்பர் ஐயா, இது காட்டுக்கு வைக்கிற கைநாட்டு இல்ல, அவ பின்னால வச்ச குடத்துக்கு."

விருந்தாளி வருகிறார்

மனு வேலை செய்தது. தண்ணீரைப் பார்வையிடச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்று கச்சேரியிலிருந்து தகவல் வந்தது. நாளும் தெரிந்தது. நான் வெற்றி பெற்றவன் மாதிரி ஹட்டனில் புதுச் சட்டையே தைத்துக்கொண்டேன். அந்த நாளில் தோட்டத்துக்குள் நுழைந்தவனுக்குத் தலை சுற்றியது.

தோட்டத்தில் வெளியாள் வருகிறார் என்றால் லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள். கொழும்பிலிருந்து கம்பெனித் துரை வந்தால் அப்படித்தான், பெண் பார்க்க வந்தாலும் அப்படித்தான். அந்தப் பழக்கம் இங்கேயும் வேலை செய்துவிட்டது. பீலிக்கரையில் சேறெல்லாம் வாரிக் கழுவியிருந்தார்கள். கல்லெல்லாம் வெள்ளை. கோலம், தோரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தின நாளே ஊற்றை மண் போட்டுத் தேக்கி வைத்து, பரிசோதகர் தலை தெரிந்ததும் திறந்துவிட்டார்கள். பீலி அருவி மாதிரி கொட்டியது. "ஏன்டா இப்படிச் செஞ்சீங்க?" என்று ஓர் ஆளைப் பிடித்துக் கேட்டேன். "வர்றவரு முன்னால தண்ணி நூல் மாதிரி விழுந்தா, நம்ம லயத்துக்குத்தானேங்க மானக்கேடு?" என்றான் அவன்.

பரிசோதகர் சிங்களவர், நடுத்தர வயது, கடமைக்காரர். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார், முகம் கழுவினார், கைக்குட்டையால் துடைத்தார். பிறகு எங்களை ஏற இறங்கப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"நம்ம வீட்டில் இப்பிடித் தண்ணி வாறது இல்லே. நீங்க ஏன் கத்துறது?"

தேத்தண்ணி

ஒரு வாரம் நான் கொட்டகலைப் பக்கமே போகவில்லை. போராட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் காதர் நானாதான். சிங்களத்தில் அவருக்கு நல்ல வாக்கு. பரிசோதகரை வழியில் மறித்து, மரியாதைக்காகச் சனங்கள் செய்த கூத்தையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மனிதர் சிரிசிரியென்று சிரித்தாராம். பிறகு, தகவல் சொல்லாமல் ஒரு வேலைநாளில் வருவதாக ஒப்புக்கொண்டார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் நான் உட்கார்ந்து போனேன். அந்தப் பாதையில் அப்படிப் போனவர்களுக்கு என் இடுப்பின் கதை புரியும்.

பீலியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே வரிசையாகத் தகர டின்கள். எதிர்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த செல்லம்மா எங்களைக் கண்டுவிட்டாள். கண்டாக்கையா, அதாவது மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர், நிரையை விட்டு இறங்கினால் பேர் கிடையாது என்று சத்தம் போட்டார். பேர் இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அவள் கூடையை நிரையிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தாள். வந்தவள் முறையிடவில்லை, அழவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் பேசக்கூடாதே! அடுப்பு மூட்டி, குடத்திலிருந்த தண்ணீரில் ஊற்றிக் கொண்டுவந்தாள். பரிசோதகர் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தார். சாயத்துக்குக் கீழே சேறு. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. செல்லம்மா கைகட்டி நின்றாள்.

"குடிங்க மாத்தயா. எங்க சின்னவ தெனம் குடிக்கிறதுதான்."

பெரட்டுக் களம்

அவர் குடிக்கவில்லை. கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே மலையேறினார். வெட்டிய காட்டையும் குறி போட்ட மரங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கான விலையைச் செல்லம்மா கட்ட வேண்டியிருந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்திப் பற்றுச்சீட்டுக் கொடுக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. பற்றுச்சீட்டு வந்தால் லயத்துக் காம்பராவையும் விட்டுப் பிள்ளைகளோடு ரோட்டுக்கு இறங்க வேண்டியதுதான். வேறு தோட்டம் சேர்க்காது.

மறுநாள் காலை நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பலர் சொல்லி ஒத்துப்போனதை எழுதுகிறேன். தப்புப் பறை அடித்ததும் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடினார்கள். கண்டாக்கையா செல்லம்மாவின் பேரைத் தாண்டி அடுத்த பேரைக் கூப்பிட்டார். அடுத்த பேர் மருதாயி. அவள் நகரவில்லை. "செல்லம்மா பேரைப் போட்டுட்டு என் பேரைப் போடுங்கய்யா" என்றாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். பணிய லயம் முழுக்கச் சொல்லி முடித்து, மேட்டு லயத்தின் முறை வந்தபோது கொஞ்சம் தயக்கம். செல்லம்மாவோடு அன்றுவரை பேசாதிருந்த கொழுந்தன் பெண்சாதிதான் வாயைத் திறந்தாள். அவளும் அதையே சொன்னாள்.

கொழுந்து அள்ளுகிற மாதம். ஒரு நாள் விட்டால் இலை முற்றிவிடும். பிறகு தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கண்டாக்கையாதான் பதில் சொல்ல வேண்டும். அவர் மலையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், செல்லம்மாவின் பேரைப் போட்டார். எல்லாரும் கூடையை எடுக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்:

"நானாப் போட்டேன்னு துரைகிட்ட ஒருத்தரும் சொல்லிடாதீங்க, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

துரையின் கேள்வி

ஊற்றுக்கு மேலிருக்கும் மரத்தைத் தொட வேண்டாம் என்று கச்சேரியிலிருந்து தோட்டத்துக்குக் கடிதம் போனது. தோட்டமும் கேட்டுக்கொண்டது. பற்றுச்சீட்டுப் பேச்சு அத்தோடு அடங்கியது. வெட்டிய பாதி வெட்டியதுதான். அங்கே தேயிலை வைத்துவிட்டார்கள். பீலியில் தண்ணீர் பழைய பருமனுக்கு வரவில்லை. ஆனால் தெளிந்து வந்தது, வெயிலிலும் நிற்கவில்லை. செல்லம்மாவின் சின்னவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிய செய்தி அதன்பின் எனக்கு வரவில்லை. மாமியார் மட்டும் கடைசிவரை அவள் கையால் தண்ணீர் வாங்கவில்லை.

துரையை ஹட்டன் ஸ்டேஷனில் ஒருநாள் சந்தித்தேன். வெள்ளைக்காரர், தோட்டத் தமிழ் தண்ணீர்ப்பட்ட பாடு. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் கக்கத்தில் இருந்த அன்றைய பத்திரிகையைத் தடியால் தொட்டுக் காட்டினார்.

"நான் மரம் வெட்டினா தப்பு. உம்ம பேப்பர் எதுல செய்றான், ரொட்டி மாவுலயா?"

பத்திரிகையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். பாதிக் காடு, முக்கால் தண்ணீர், முகம் கொடுக்காத ஒரு மாமியார் என்று முடிந்த காரியத்துக்கு எங்கள் மலைநாட்டில் வெற்றி என்று பெயர்.