அண்ணாவின் மூன்றாவது ஊர்

பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் ஒன்று என இரண்டு ஊர்களை எழுதித் தொடங்குவது எங்கள் வழக்கம். அண்ணாவின் பிறப்பிடம் ஊர்காவற்றுறை. வதிவிடம் ஒஸ்லோவின் பியோர்ண்டால். இந்த இரண்டோடு நிறுத்தினால் அவர் வாய்விட்டுச் சிரித்த காலம் இந்த நினைவு மலரில் இல்லாமற் போய்விடும். மூன்றாவதாக ஓர் ஊர் அவருக்கு இருந்தது. மெக்சிக்கோவின் மேற்குக் கரையில், மன்சனியோத் துறைமுகத்துக்கு வடக்கே, வெறும் மணலும் அலையுமாகக் கிடக்கிற ஒரு கிராமம். அங்கே பதினெட்டு வீடுகள். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பிள்ளைகள். அண்ணா மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்த இருவரும் குழந்தைகளாகவே போய்விட்டார்கள். தந்தையார் இறந்தபோது அண்ணா பள்ளிப் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. படிப்பை விட்டுக் கொழும்புக்குப் போய்க் கப்பலில் சேர்ந்தார். எண்ணெய் துடைக்கும் கையாளாகத் தொடங்கி, பின்னர் நோர்வேச் சரக்குக் கப்பல் ஒன்றில் இயந்திர அறைப் பொறுப்பாளராக உயர்ந்தார். அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் பட்டம் பெற்றுக் கணித ஆசிரியரானேன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. என்னைக் கேலி செய்வதற்கு மட்டும் அவருக்குக் குறைவில்லை. நான் எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால், "கணக்கப்பிள்ளை, எங்கடை வீட்டுத் தலைகள் எல்லாம் சரியோ?" என்பார்.

திருமணத்தின் பின் அண்ணியுடன் ஒஸ்லோவில் குடியேறி, ஒரு பெரிய பாடசாலையின் வெப்பமூட்டும் கொதிகலன்களைப் பார்க்கும் வேலையில் அமர்ந்தார். கப்பலிலும் நிலவறை, கரையிலும் நிலவறை. நாட்டில் போர் முற்றியபோது என்னையும் இங்கே எடுப்பித்தார். ஆசிரியராக இருந்த எனக்கு ஒரு பண்டகசாலையில் பெட்டி எண்ணும் வேலை கிடைத்தது. "உனக்கெண்டே செய்து வைச்ச வேலையடா" என்று அண்ணா சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. தேத்தண்ணியை என் கையில் தந்து, "வேலைதானே தம்பி, பாரம் பார்த்துத் தூக்குங்கோ" என்றார். அண்ணியின் சுபாவம் அது.

இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி அண்ணா ஓய்வு பெற்றார். நம்மவர்கள் ஓய்வு பெற்றால் கோயில், பிள்ளை வீடு, பேரப்பிள்ளை என்று காலம் போகும். அண்ணாவோ அண்ணியையும் இரண்டு நீண்ட தூண்டில் தடிகளையும் கூட்டிக்கொண்டு மெக்சிக்கோவுக்குப் போனார். உறவினர்கள் என்னிடம் வந்து, "உம்மடை அண்ணருக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டார்கள். எனக்கும் விளங்கவில்லை. பிறகு ஒருமுறை அவரே சொன்னார். இளவயதில் அவருடைய கப்பல் மன்சனியோவில் பழுதாகி நின்றிருந்தது. வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு கரையில் நடந்தபோது, முழங்கால் அளவு அலையில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்த ஒரு கிழவர் தடியை இவரிடம் நீட்டியிருக்கிறார். "கப்பலுக்கு வந்தாப்பிறகு அண்டைக்குத்தான் தம்பி கடல்தண்ணி என்ரை காலிலை பட்டது. அவ்வளவு காலம் கடலுக்கு மேலை போறன், கடலைத் தொட்டதில்லை."

ஒவ்வொரு குளிர்காலமும் இருவரும் அங்கே போய் வந்தார்கள். அலையில் நின்று மீன் பிடிப்பது வள்ளத்தில் போய்ப் பிடிப்பது போன்றதல்ல. அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் இருண்டு கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இருண்ட இடம் பள்ளம். அங்கேதான் மீன் நிற்கும். அலை பின்வாங்கும் நேரம் பார்த்து இறங்கி, தங்கூசி என்கிற தூண்டில் நூலின் முனையில் ஈயத்தைக் கட்டி வீசி, அடுத்த அலை வருமுன் பின்னால் வந்துவிட வேண்டும். அண்ணா வீசுவார். அண்ணி மணலில் போட்ட கதிரையில் அமர்ந்து கடற்பறவைகள் எங்கே இறங்குகின்றன என்று பார்த்துச் சொல்வார். பிடிபட்ட பாரை மீனை அண்ணி சொதி வைப்பார். பக்கத்து வீட்டு ராமிரோ, லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், மீனுக்குப் பிழியத் தேசிக்காயோடு வந்து குந்திவிடுவாராம். இவற்றை நான் தொலைபேசியில் கேட்டுத்தான் அறிந்தேன். எனக்கு விமானமும் பயம், கடலும் பயம்.

பிறகு அண்ணிக்குப் புற்றுநோய் வந்தது. அந்தக் குளிர்காலம் அவர்கள் எங்கும் போகவில்லை. தை மாதத்துத் தேய்பிறையில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அண்ணி காலமானார். அடுத்த குளிர்காலம் அண்ணா தனியே போய் மெலிந்து வந்தார். அதற்கடுத்த குளிர்காலம் போகவில்லை. அந்த ஆண்டில்தான் மறதி தொடங்கியது. அடுப்பில் வைத்த கேத்தலை மறந்தார். வீட்டுக்கு வரும் பேருந்தை மறந்தார். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது என்று வைத்தியர் சொன்னார்.

அண்ணாவின் ஒரே மகள் வாசுகி அதை ஏற்கவில்லை. "அப்பா இஞ்சை நாலு சுவருக்குள்ளை இருந்துதான் இப்படி ஆகிறார். அந்தக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வருவார், சித்தப்பா. எனக்கு லீவு இல்லை. நீங்கள் போறீங்களோ?" என்றாள். வயது போன காலத்தில், மூன்று விமானம் மாறி, அண்ணாவின் ஐந்து வகை மாத்திரைகளையும் என்னுடைய நான்கு வகைகளையும் சுமந்துகொண்டு நான் போனேன். அவர் திரும்பி வருவாரா என்ற ஒரு கேள்விதான் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

திரும்பி வந்தார். அதுதான் தாங்க முடியாதது. முதல் காலையிலேயே மணலில் நின்று கடலைப் பார்த்தவர், பியோர்ண்டாலில் தன் சப்பாத்து எந்தக் காலுக்கு என்று தடுமாறியவர், என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அங்கை பார். உடையாமல் கறுப்பாய்க் கிடக்குது பார். அதுக்குள்ளைதான் நிக்கும்." ஈயத்தைக் கட்டினார், வீசினார். ராமிரோ கைதட்டினார். நான் கரையில் நின்று அலைகளை எண்ணி, ஏழாவது அலை பெரிது என்று சத்தம் போட்டேன். "ஏழு எண்டு ஆரடா உனக்குச் சொன்னது? கடலுக்குக் கணக்குத் தெரியாது, வாயை மூடு!" என்று ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டு எவ்வளவு காலம்! நான் அழுதேன்.

அவர் தினமும் இரண்டு கதிரைகளைக் கடற்கரைக்குக் கொண்டு வருவார். முதல் நாள் ஒன்றில் நான் அமர்ந்தேன். "எழும்படா, அது அவவின்ரை" என்றார். அண்ணியின் நினைவுக்குச் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு எழும்பி மணலில் இருந்தேன். பின்னேரம் பிடித்த மீன் மூன்று என்றால் மூன்றையும் கழுவி வைத்து, "அவ பாத்துக்கொள்ளுவா" என்பார். அதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். வாசுகி ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கேட்பாள். "ஓம் பிள்ளை, நல்லாய்க் கதைக்கிறார், நல்லாய்ச் சாப்பிடுகிறார்" என்பேன். அவள் சிரிப்பது மறுமுனையில் கேட்கும்.

இனி எழுதப்போவதை வாசுகியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ சித்தப்பா. நாலு பேருக்குத் தெரியட்டும், தங்கடை வீட்டிலை செய்யாமல் இருப்பினம்" என்றாள்.

ஒரு விடியற்காலை, அண்ணா தடியோடு வாசலில் நிற்கும்போது வாசுகி தொலைபேசியில் அழைத்தாள். ஒஸ்லோவில் மதியம். "சித்தப்பா, இண்டைக்கு அம்மாவின்ரை திவசம். நான் படைச்சிட்டன். அப்பா இண்டைக்கு மட்டும் மீன் பிடிக்க வேண்டாம், மச்சம் தொட வேண்டாம். போனைக் குடுங்கோ, நான் சொல்லுறன்." நம்மவரில் எந்த மகள்தான் இதைச் சொல்லாமல் இருப்பாள்? மனைவியின் திவசத்தன்று கணவர் மீன் பிடித்துக்கொண்டு நிற்பதை எந்த வீடு பொறுக்கும்? போனைக் கொடுத்தேன்.

"ஆரின்ரை திவசம்?" என்று அண்ணா கேட்டார். மறுமுனையில் அவள் ஏதோ சொன்னாள். "எந்த அம்மா?" என்றார். போன் காதிலேயே இருக்க என் பக்கம் திரும்பினார்.

"டேய் தம்பி, இவள் என்ன சொல்லுறாள்? உன்ரை அண்ணி செத்துப் போனாவாம்."

அண்ணியின் சவப்பெட்டிக்கு முன்னால் அழாமல் நின்றவர் அண்ணா. அன்று வாசலில் இருந்து அழுத அழுகையை ராமிரோ வீட்டார் கேட்டு ஓடி வந்தார்கள். மொழி தெரியாத அவர்களுக்கு, அந்த வீட்டில் இப்போதுதான் ஒரு மரணம் நடந்திருக்கிறது என்று மட்டும் விளங்கியது. ராமிரோவின் மனைவி கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். மறுமுனையில் வாசுகி, "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் போனை வைத்தேன்.

பின்னர் பஞ்சாங்கத்தை எடுத்து நேர வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தேன். மெக்சிக்கோவில் அந்தத் திதி முதல் நாளே வந்து போயிருந்தது. நாங்கள் பாரை பிடித்துப் பொரித்துச் சாப்பிட்ட நாள்தான் திவசம். மச்சம் விலக்கி இருக்க வேண்டிய நாளில் ஒன்றும் நடக்கவில்லை. தேவையில்லாத நாளில் எல்லாம் நடந்தது. இதை மூன்று தடவை கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். சரியாகத்தான் வந்தது. அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்த நாள் அண்ணா செய்தியை மறந்துவிட்டார். துக்கம் மட்டும் மறக்கவில்லை. காரணம் தெரியாத துக்கமாக அது அவருக்குள் இருந்தது. கதிரைகளை எடுக்கவில்லை. தடியைத் தொடவில்லை. "அவ எங்கை?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. பக்கத்தில் இருப்பதாக நினைத்திருந்தவருக்குக் கேட்க என்ன இருந்தது? "கடலுக்குப் போவமோ அண்ணை?" என்றால், "அவ வரட்டும், போவம்" என்பார். மிச்ச நாள் முழுவதும் கடலின் சத்தம் கேட்கும் வீட்டுக்குள் இருந்துவிட்டுத் திரும்பினோம். தடிகளையும் கதிரைகளையும் ராமிரோவிடம் விட்டு வந்தோம்.

பியோர்ண்டாலில் அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலங்கள். விடிந்தால் அந்தக் கேள்வி. வாசுகிதான் முதலில் அந்தப் பதிலைக் கண்டுபிடித்தாள். "கடைக்குப் போயிட்டா அப்பா, இப்ப வந்திடுவா." அண்ணா தலையாட்டிவிட்டு யன்னலருகே போய் இருப்பார். அந்த யன்னலில் இருந்து பேருந்துத் தரிப்பிடம் தெரியும். ஒவ்வொரு பேருந்திலும் இறங்குகிறவர்களைப் பார்ப்பார். எண்ணுகிறாரோ என்று நினைத்தேன். அந்தப் பழக்கம் என்னுடையது, அவருடையது அல்ல. அவர் ஒருவரைத் தேடினார், அவ்வளவுதான். பொழுது பட்டதும் அதையும் மறந்து படுப்பார். விடிந்தால் திரும்பவும்.

அண்ணியின் திவசத்தை அந்த வீட்டில் செய்வதை நிறுத்தினோம். என்னுடைய சிறிய வீட்டில், வாசுகியும் நானும், இரண்டு பேராகப் படைத்தோம். சாம்பிராணி மணம் உடுப்பில் ஒட்டிக்கொண்டு போய்விடும் என்று வாசுகி வேறு சட்டை கொண்டு வந்து மாற்றிக்கொண்டு தகப்பனிடம் போவாள். பெற்ற தாயின் திவசத்தைத் தகப்பனுக்கு ஒளித்துச் செய்த பிள்ளை அவள்.

சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அண்ணா வைத்தியசாலையில் கிடந்த கடைசி நாளில் என்னை அடையாளம் கண்டார். "கதிரை ரெண்டும் கொண்டு வந்தியோ?" என்றார். "ஓம் அண்ணை, கொண்டு வந்தனான்" என்றேன். "ரெண்டும் இருக்கோ, எண்ணிப் பார்" என்றார். "ரெண்டு இருக்கு" என்றேன். அதற்கு மேல் அவர் கதைக்கவில்லை.

அவர் இறைவனடியில் இளைப்பாறுகிறார் என்று முடிக்கும்படி உறவினர் சிலர் சொன்னார்கள். அது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத என் கை வரவில்லை. நன்றி சொல்ல மட்டும் தெரியும்.

இறுதிக் கிரியைகளைப் பனியில் நின்று செய்துதந்த குருக்களுக்கும், முறை வைத்துச் சோறு சமைத்துக் கொண்டுவந்த பியோர்ண்டால் அயலவர்களுக்கும், ஸ்தவாங்கரிலிருந்தும் துரொண்ட்ஹெய்மிலிருந்தும் வந்து சேர்ந்த உறவுகளுக்கும் நன்றி. செய்தி கேட்ட மாலையில் இரண்டு கதிரைகளையும் கடற்கரையில் கொண்டுபோய் வைத்த ராமிரோவுக்கு நன்றி. யாராவது வருவீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். வர ஒருவரும் இல்லை ஐயா. தடிகளை நீங்களே வைத்திருங்கள்.

எல்லோருக்கும் மேலாக, அண்ணாவிடம் அந்த ஒரு பொய்யைச் சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி. மருமகன் சொன்னார். பேரப்பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு வந்து சொன்னார்கள். பார்க்க வந்த நீங்கள் பலரும் வாசலிலேயே கேட்டு அறிந்துகொண்டு சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து பராமரித்த நோர்வேத் தாதி ஹில்டெ, தமிழில் வேறொரு சொல்லும் அறியாதவர், வாசுகியிடம் கேட்டு மனனம் செய்து, "கடைக்குப் போயிட்டா, இப்ப வந்திடுவா" என்று தினமும் சொன்னார். அவர் சொன்னால் அண்ணா உடனே நம்புவார்.

வருகிற தை மாதம் அண்ணியின் திவசம் பியோர்ண்டால் வீட்டில், கதவைத் திறந்துவைத்து, எல்லோரையும் அழைத்துச் செய்யப்படும். அதை யாருக்கு ஒளித்தோமோ அவர் இனி அங்கே இல்லை.