புதூர்ப் பக்கம் உயரம் தேடிப் போனது

வாலிபால் உயரமானவர்கள் விளையாட்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். நெட் மேலே இருக்கிறது, பந்து அதற்கும் மேலே போகிறது, ஆகவே ஆளும் உயரமாக இருக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இன்றைக்கு யாராவது மாலை போட்டு, மைக்கில் ‘வெற்றிகரமான பயிற்சியாளர்’ என்று சொல்லி ரகசியத்தைக் கேட்டால், ஒழுக்கம், உழைப்பு என்று எதையாவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நடந்ததைச் சொன்னால் மாலையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தற்காலிக பி.டி. சாராகச் சேர்ந்தேன். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. கல்லூரிக்கு ஒரு வாலிபால் டீம் இருந்தது. வருஷா வருஷம் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும், முதல் ஆட்டத்தில் தோற்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடும். மைதானம் கரிசல். கோடையில் கோர்ட்டு நடுவில் கால் போகிற அளவுக்கு வெடிப்பு விழும். மழை பெய்தால் மண் உப்பி, இரண்டு கம்பங்களும் ஒன்றையொன்று பார்த்துச் சாயும். நெட் தொட்டில் மாதிரி தொங்கும். ஐப்பசி மாசத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோருமே பிரமாதமாக ஸ்மாஷ் அடித்தார்கள்.

கல்லூரி முதல்வர் ஓர் அம்மா. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

“சைக்கிள் நிறுத்த இடம் பத்தல சார். அடுத்த போட்டியிலயும் முதல் ரவுண்டுல தோத்தா டீம் வேண்டாம். அந்தக் கோர்ட்டுல கொட்டகை போட்டுருவோம்.”

டீம் இல்லையென்றால் பி.டி. சார் எதற்கு என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு அந்த அளவு கணக்கு வரும்.

எனக்குப் பயம் வந்தால் பஸ் ஏறுவது வழக்கம். உயரமான பெண்ணைத் தேடிக் கழுகுமலைக்குப் போனேன், நாகலாபுரம் போனேன். கல்யாணமாகாத ஓர் ஆம்பிளை பஸ் ஸ்டாண்டில் நின்று பெண்பிள்ளைகளைத் தலையிலிருந்து கால்வரை அளந்துகொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கழுகுமலையில் ஒரு கண்டக்டர் என் தோளில் கை வைத்து, கோவில்பட்டி பஸ் எங்கே நிற்கிறது என்று காட்டினார். நான் கேட்கவே இல்லை.

பிறகு புதூர்ப் பக்கம் போனேன். ஒரு கிராமத்துக்கு வெளியே, ரோட்டோரத்து உடைமரத்தில் ஒரு பெண் ஆடுகளுக்குக் கொப்பு வளைத்துக்கொண்டிருந்தாள். துரட்டிக் கம்பு இல்லை. வெறுங்கை. அந்தக் கை போன உயரத்தைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நிறுத்தி இறங்குவதற்குள் அவள் ஆடுகளோடு ஊருக்குள் போய்விட்டாள். டீக்கடையில் விசாரித்தேன்.

“இங்கன ஆடு வச்சிருக்கவிய வீட்டுல ஒசரமா ஒரு பொண்ணு இருக்குல்லா, அந்த வீடு எது?”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

“கோவில்பட்டி.”

“என்ன சோலி?”

“காலேஜில.”

“கல்யாணம்?”

“இன்னும் ஆகல.”

“அப்பம் பொண்ணு விசயமாத்தான் வந்திருக்கிய.”

“ஆமா, பொண்ணு விசயமாத்தான்.”

விளையாட்டில் இந்த ஊருக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டு வாசலில் கட்டில் போட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவைச் சுற்றி ஏழெட்டு உறவுக்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஆடு மேய்க்கிற கம்பு. தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கில் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அது அதுவரை வரவில்லை.

“காலேஜில என்ன வேல பாக்குதிய?” என்றார் அப்பா.

“வாலிபால் கோச்.”

“அது கவருமெண்டு வேலயா?”

“வேலதான்” என்றேன்.

“பிள்ள பன்னெண்டு முடிச்சிருக்கு. மேல படிக்க வைக்க யோசன இல்ல.”

“அதெப்படி? படிக்க வைக்கணும். அத நான் பாத்துக்கிடுதேன். சாப்பாடு, தங்குறது, துணிமணி எல்லாம் எங்க பொறுப்பு.”

“துணிமணியுமா?”

“ரெண்டு செட்டு. ஷூவும் உண்டு.”

உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாங்க என்ன செய்யணும்னு சொல்லிட்டா நல்லது.”

“பிள்ளய அனுப்பி வச்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஓரத்திலிருந்த ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிச்சரும் காப்பியும் வந்தன. கொண்டுவந்த பெண் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். என் தோளுக்குக்கூட எட்ட மாட்டாள். நான் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தேன். உடைமரத்துப் பெண் கதவுக்குப் பின்னால், நிலையில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“இன்னொரு பிள்ள இருக்குல்லா, கொஞ்சம் ஒசரமா...” என்றேன்.

உறவுக்காரர்கள் கம்பை மாற்றிப் பிடித்தார்கள். உள்ளேயிருந்து பெண்களுடைய அம்மாவின் குரல் வந்தது.

“மூத்தவ இருக்கையில இளையவளக் கேக்கப்படாது தம்பி.”

கதவுக்குப் பின்னாலிருந்து சின்னவள் சிரித்துக்கொண்டே, “பாவா” என்றாள்.

அதுதான் அந்த வார்த்தை. அக்காள் மாப்பிள்ளையை அப்படிக் கூப்பிடுவார்கள்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் கம்புகளை ஒருதரம் பார்த்தேன். பிறகு மூத்தவளைக் காட்டி, “இவியளே போதும்” என்றேன்.

அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“படிக்க வைப்பேன்னியளே, நெசமாவா?”

“நெசந்தான்.”

அந்த வீட்டில் நான் சொன்னவற்றில் இருபக்கமும் ஒரே மாதிரி புரிந்துகொண்டது அது ஒன்றுதான். மிச்சரைப் பாதியில் விட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

கல்லூரி திறந்த வாரத்தில் அப்பாவும் மூத்தவளும் உறவுக்காரர்கள் நாலைந்து பேரும் கல்லூரிக்கே வந்துவிட்டார்கள். கேட்டில் வேட்டிகளைப் பார்த்ததும் நான் ஸ்போர்ட்ஸ் ரூமுக்குள் போய்ச் சுருட்டி வைத்த நெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். யார் கேட்டாலும் திருநெல்வேலிக்குப் போயிருப்பதாகச் சொல்லும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். முதல்வர் அம்மா அனுப்பிய ஆயா வந்து கேட்டார்.

“சார் திருநவேலிக்குப் போயிருக்காவ” என்றாள் ஒருத்தி. “உள்ளதான் இருக்காவ.”

முதல்வர் அறையில் அப்பா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். கை கூப்பினார்.

“தம்பி, நாங்க நாலு பக்கம் விசாரிச்சோம். ஒங்க வேல நிலையில்லாத வேலயாம். சைக்கிள் கொட்டகை வந்தா நீங்க கெடையாதாமே. பொண்ணு குடுக்க எங்களுக்குச் சம்மதமில்ல. தப்பா நெனைக்கப்படாது.”

முதல்வர் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் ஒரு தோல்வியை அவ்வளவு சந்தோஷமாக நான் ஏற்றுக்கொண்டது கிடையாது.

“ஆனா ஒண்ணு” என்றார் அப்பா. “நீங்க படிப்பச் சொல்லிட்டுப் போனதுல இருந்து பிள்ள ஒத்தக் கால்ல நிக்கி. அவளக் காலேஜில சேத்துக்கிடுங்க.”

அவர்கள் கிளம்பியபின் முதல்வர் அம்மா கேட்டார்: “நீங்க பொண்ணு பாக்கப் போனீங்களா, பிளேயர் பாக்கப் போனீங்களா?”

“பிளேயர்தான் மேடம்.”

“இந்த உயரத்துக்கா?”

அட்மிஷன் ஃபாரத்தை அவர் முன்னால் வைத்தேன்.

கொடுத்த வாக்குக்காக அவளை டீமில் சேர்த்தேன். கோர்ட்டு ஓரத்தில் நின்று பந்து எடுத்துப் போடச் சொன்னேன். அப்போது எங்கள் டீமில் பாதிப் பந்து இரண்டு பேருக்கு நடுவில் விழும். இவள் எடுப்பாள் என்று அவளும், அவள் எடுப்பாள் என்று இவளும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஓரத்தில் நின்ற புதுப்பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை. “ஏட்டி, நீ எடு!” என்று ஒரு சத்தம் போட்டாள். மெயின் ரோட்டில் போன பஸ் வேகம் குறைந்தது. பந்தும் எடுபட்டது.

ஆவணியில் எங்கள் செட்டருக்குக் கல்யாணமாகிவிட்டது. அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள்தான் செட்டர். வேறு ஆளில்லாமல் அந்த இடத்தில் இவளை நிறுத்தினேன். விரல் நுனியால் பந்தைத் தூக்கப் பழகியிருந்தாள். பழகாவிட்டாலும் நிறுத்தியிருப்பேன், எண்ணிக்கைக்கு ஆறு பேர் வேண்டும்.

போட்டி நாளில் எதிர் டீமைப் பார்த்தேன். அத்தனை பேரும் நான் பஸ் பஸ்ஸாகத் தேடிய உயரம். முதல் செட் போனது. இரண்டாவது செட்டில் டைம் அவுட் கேட்டேன். பிள்ளைகள் ஓடி வந்து வட்டமாக நின்றார்கள். அவர்களுக்கு வைத்திருந்த தண்ணீரை நான் குடித்துவிட்டு, “ஜாக்கிரதை” என்றேன்.

குள்ளச்சி என்னைப் பார்த்தாள். “சார், நீங்க செத்த உக்காருங்க. கோட்டோரமா நீங்க நடக்குதது கண்ண இழுக்கு.”

உட்கார்ந்தேன். அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி, ஒருத்தி மொகத்த ஒருத்தி பாத்துக்கிட்டு நிக்கக்கூடாது. நான் பேரச் சொன்னவ எடுக்கணும். விழுந்தாலும் சரி.”

அப்புறம் அந்த மைதானத்தில் அவள் குரல்தான் கேட்டது. பேர் சொன்னவள் ஓடினாள். பந்து தரையில் விழவில்லை. எதிர் டீம் உயரத்திலிருந்து அடித்தது; இவர்கள் தரையோடு தரையாக விழுந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அடித்து அடித்து அவர்களுக்குச் சலித்து, வெளியே அடிக்க ஆரம்பித்தார்கள். கடைசிப் புள்ளியை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதல்வர் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“முதல் ரவுண்டு ஜெயிச்சிட்டோம் மேடம்.”

“ரெண்டாவது?”

“தோத்துட்டோம்.”

“சரி” என்றார்.

சைக்கிள் கொட்டகையைக் கல்லூரிக்குப் பின்னால் போட்டார்கள். அடுத்த வருஷம் என் வேலை நிரந்தரமாயிற்று. உயரமான தங்கச்சியும் பிறகு அதே கல்லூரிக்குத்தான் வந்தாள். பந்து வந்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மூத்தவள் படிப்பை முடிக்கிற வருஷத்தில் பல்கலைக்கழகக் கோப்பையை வாங்கினோம். அன்றைக்கு மைதானத்தில் இறங்கிய இரண்டு டீமிலும் குள்ளம் எங்கள் கேப்டன்தான்.