மில்லியை வீட்டுக்குள் எடுத்த கௌரி அக்கா

கௌரி அக்காவுக்குப் பூனையைக் கண்ணில் காட்டக்கூடாது. சாமியறையில் மயிர் கொட்டும், பாலில் வாய் வைக்கும் என்று எந்த நேரமும் ஒரு நியாயம் வைத்திருப்பார். அப்படிப்பட்டவர் 1997இல் ஒரு பூனைக்காக மழைக்குள் குந்தியிருந்ததை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த நியூ லின்னில் அவர் வீட்டில் அறை எடுத்திருந்த நான் கண்ணால் கண்டேன்.

யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை பார்த்தவர் அவர். இங்கே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் கரட் வெட்டினார். "கணக்குப் பிழைச்சா ஆராவது ஏசுவினம், கரட் ஒண்டும் சொல்லாது" என்று சிரிப்பார். எங்கள் எதிர்வீட்டில் தனியாக இருந்த மிஸ்ஸிஸ் ஹார்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதே இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பூனை மில்லி, சாமான் ஏற்ற வந்தவர்களின் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிட்டது. பிறகு திரும்பி வந்து, பூட்டிய வீட்டின் பலகைத் தளத்துக்கு அடியில் பட்டினி கிடந்தது. சூப் கொண்டுபோகிற அக்காவிடம் அந்த மனிசி தினமும் கேட்டது ஒரே கேள்விதான். மில்லி எப்படி இருக்கிறாள்?

"நான் எடுத்துப் பாக்கிறன்" என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தால் கொடுத்ததுதான். மூன்று கிழமையாக, பின்னேரத்தில் மழையென்றும் பாராமல் அந்த முற்றத்தில் குந்தி, டின்மீனைக் கோப்பையில் போட்டு, நாளுக்கு ஓரடி தன் பக்கமாக நகர்த்தி வைத்தார். கடைசியில் மில்லி அவர் மடியில் ஏறியது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே இருந்த நர்ஸ் பெண், இரண்டு கிழமைக்கு ஒரு சின்ன அறைக்குள் கதவைப் பூட்டி வையுங்கள், வீடு பழக வேண்டும் என்றாள். உடுப்புத் தோய்க்கிற அறை மில்லிக்குப் போனது. அக்காவைத் தவிர ஒருவருக்கும் அனுமதியில்லை. என் உடுப்புகள் ஒன்பது நாளாக ஊத்தையாகவே கிடந்தன.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. பொழுதுபட முன்கதவைத் திறந்து, விளக்கேற்றி, அறை அறையாகச் சாம்பிராணி காட்டாவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது. கூரையில் புகைக்கு அலறுகிற அலாரம் இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி கதிரையில் ஏறி அதன் பற்றரியைக் கழற்றுவது என் பொறுப்பு. அன்றைக்கு நான் ரெலிபோனில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தேன். மறந்துபோனேன். எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"புதுசா வந்த சீவன், அதுக்கும் ஒருக்காக் காட்டுவம்" என்று அக்கா தூபக்காலோடு தோய்க்கிற அறையைத் திறந்தார். அலாரம் வீறிட்டது. மில்லி அவர் காலுக்குள்ளால் பாய்ந்து, லட்சுமி வரட்டும் என்று திறந்து வைத்த கதவால் வெளியே போனது. றோட்டில் ஒரு கார் பிறேக் போடும் சத்தம் கேட்டது.

அக்காதான் அதைத் துவாயில் சுற்றித் தூக்கி வந்தார். உயிர் இல்லை. "நீ கழட்டேல்லையே, வித்தியா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். பிறகு, "அந்த நர்ஸ் பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னவள். நான் ஏன் திறந்தனான்?" என்று தன் தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இல்லத்துக்கு நானும் கூடப் போனேன். "நல்லா இருக்குதெண்டு சொல்லிவிடுங்கோ அக்கா" என்றேன்.

"நாளைக்கும் கேப்பா. நாளையிண்டைக்கும் கேப்பா. ஒவ்வொரு நாளும் நான் பொய் சொல்லுறதே?"

தெரிந்த ஆங்கிலத்தில் சாம்பிராணி, அலாரம், கார் எல்லாவற்றையும் அக்கா சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. மிஸ்ஸிஸ் ஹார்டி கேட்டார்:

"எந்தப் பக்கம் ஓடினாள்?"

"உங்கட வீட்டுப் பக்கம்."

மனிசி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்" என்றார்.