நான் படிக்காமல் விட்ட பெயர்

தொண்ணூற்றாறு உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பத்தாவது வரை படித்தவள் என்று என்னை நிறுத்தினார்கள். போட்டியே இல்லாமல் மெம்பர் ஆனேன். அரியலூருக்கு மேற்கே பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கூட்டங்களுக்கு நான் போனதே இல்லை என்று சொல்லலாம். ஊராட்சி கிளார்க்கு தீர்மானப் புத்தகத்தைச் சைக்கிளில் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்.

"கூட்டம் முடிஞ்சிருச்சுங்க. இந்த எடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுப்பேன். ஐந்து வருஷமும் அப்படித்தான் போனது.

அதற்குள் ஊருக்குத் தெற்கே இருந்த மேய்ச்சல் புறம்போக்கில் சுண்ணாம்புக்கல் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். கல் தீர்ந்ததும் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மழைத் தண்ணீர் நிறைந்து பச்சையாகக் கிடந்தது. சுற்றிலும் ஒரு முள்கம்பிகூட இல்லை. இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசி மழையில், எதிர் வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் அதற்குள் சறுக்கி விழுந்த ஆட்டைத் தூக்க இறங்கினார். ஆடு கரையேறிவிட்டது. அவர் ஏறவில்லை.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து அக்கா வந்து உட்கார்ந்தார். அழவில்லை.

"தங்கச்சி, அது ஊரு நெலந்தானே? அங்க தோண்டலாம்னு சொன்னது யாரு? எனக்கு அது மட்டும் தெரியணும்."

அப்போதுதான் தகவல் உரிமைச் சட்டம் வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று பேப்பரில் படித்திருந்தேன். நானே மனு எழுதினேன். அக்கா கைநாட்டு வைத்தார். ஒன்றிய ஆபீசுக்குப் பல தடவை அலைந்த பிறகு, நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது.

போனோம். அங்கிருந்தவர் பழைய தீர்மானப் புத்தகத்தைத் தூசி தட்டி மேஜைமேல் வைத்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வரிவரியாக விரல் வைத்துப் படித்தேன். அங்கே கல் எடுக்க ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்ததாக எழுதியிருந்தது.

"ஏகமனதான்னா?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்க்கா."

"எல்லாரும்னா யார் யாரு? பேரச் சொல்லு."

கீழே கையெழுத்துகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நாலாவது பெயர் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் பழகிய அதே வளைந்த எழுத்து. அதை விட்டுவிட்டு ஐந்தாவதைப் படித்தேன். கடைசிப் பெயர்வரை படித்து முடித்தேன். பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினோம்.

அன்றிலிருந்து குடத்தில் தண்ணீர் நிறையும் சத்தம்கூட எனக்கு ஆகவில்லை. யாரோ உள்ளே இறங்குகிற சத்தமாகவே கேட்கும். குழாயை மூடிவிட்டுப் பாதிக் குடத்தோடு வந்துவிடுவேன். எதிர் வாசலில் அக்கா வீட்டுக்காரர் ஆட்டுக்குத் தழை இழுக்கும் தொரட்டி சாய்த்து வைத்தபடியே இருந்தது. கோலம் போடக் குனிந்தாலும் அது கண்ணில் படும். ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் போய், "அக்கா, அதுல ஒரு பேரை நான் படிக்கல" என்றேன்.

அவர் புளி உருட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தெரியும். உன் வெரலு ஒரு எடத்துல தாவுச்சு. நான் எழுத்தப் பாக்கல, உன் வெரலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்னன்னு படிக்காமயே போட்டுட்டேன்க்கா. சத்தியமா."

"படிக்கத் தெரியாத நான்கூட என்ன ஏதுன்னு கேட்டுட்டுத்தான் கைநாட்டு வைப்பேன்."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த கிராம சபையில் முதல் தடவையாக எழுந்து பேசினேன். அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது, அன்று நான் கூட்டத்துக்கே வரவில்லை என்று சொன்னேன். பின்னாலிருந்து பழைய மெம்பர் ஒருத்தர், "நானும் வரலை, என் கையெழுத்தும் இருக்கு" என்றார். இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். பள்ளத்துக்கு வேலி போடச் சொல்லித் தீர்மானம் எழுதினோம். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டோம். அடுத்த கோடையில் வேலி வந்தது.

அக்கா இன்றும் என்னோடு பேசுகிறார். வெங்காயம் எடுத்தால் எங்களுக்கும் ஒரு முறம் கொண்டுவந்து தருவார். ஆனால் அவருக்கு ஏதாவது கடிதம் வந்தால் தபால்காரரையே நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார். நான் என் வாசலில் நின்று அதைப் பார்ப்பேன்.